குவாதலூப்பில் ஒரு வாரம்: எரிமலை, ஆமைகள், மேளம் – முழுமையான வழிகாட்டி

கரீபியன் கடலிலுள்ள பிரெஞ்சுத் தீவான குவாதலூப்பில் நல்லதெல்லாம் மதியத்துக்குள் நடந்து முடிந்துவிடும். எரிமலையின் உச்சி மேகமில்லாமல் கிடைப்பது விடிகாலையில். ஆமைகள் மேயும் கடல் அமைதியாக இருப்பது, சுற்றுலாப் படகுகள் வந்து குவிவதற்கு முன். லே செந்த் தீவில் நெப்போலியன் கோட்டையைக் காலையில் மட்டும்தான் திறக்கிறார்கள். மீன் சந்தையும் அப்படித்தான். மாலையில் டிசம்பர் என்றால் ஐந்தரைக்கே சூரியன் மறைந்துவிடும். ஜூனில்கூட ஏழு மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிவிடும். விடுமுறைதானே, மெதுவாக எழலாம் என்று நினைத்து வருகிறவர்கள் ஹோட்டல் வாசலில் இருக்கும் கடற்கரையை மட்டும் பார்த்துவிட்டு ஊர் திரும்புகிறார்கள். இந்தத் தீவு அதைவிட மிகப் பெரியது. அதனால் எங்கே போவது என்பதோடு, எப்போது கிளம்புவது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் நில அமைப்பு. வரைபடத்தில் பட்டாம்பூச்சி மாதிரி தெரியும் குவாதலூப் உண்மையில் இரண்டு தீவுகள். நடுவே சாலே ஆறு என்று அழைக்கப்படும் குறுகலான கடல் கால்வாய் ஓடுகிறது. மேற்கே பாஸ்-தேர்: எரிமலை, மழைக்காடு, அருவிகள், கருமணல். கிழக்கே கிராந்த்-தேர்: தட்டையான சுண்ணாம்புப் பாறை நிலம், கரும்புத் தோட்டம், வெள்ளை மணல். சுற்றிலும் மரி-கலாந்த், லே செந்த், லா தெசிராத் என்று சின்னத் தீவுகள். எல்லாம் சேர்ந்து பிரான்ஸின் ஒரு மாவட்டம். பணம் யூரோ, மொழி பிரெஞ்சும் கிரியோலும்.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

டிசம்பர் முதல் மே வரை மழை குறைவு. ஜூன் முதல் நவம்பர் வரை மழைக்காலம். ஆகஸ்ட், செப்டம்பர், அக்டோபர் மூன்றும் புயல் உச்சம். கிறிஸ்துமஸ் விடுமுறையிலும் பிப்ரவரி பள்ளி விடுமுறையிலும் பாரிஸ் விமானங்களின் விலை எகிறிவிடும். என்னைக் கேட்டால் ஏப்ரல் கடைசியும் மே மாதமும்தான் சரியான நேரம்: கூட்டம் வடிந்திருக்கும், மழை இன்னும் தொடங்கியிருக்காது. கார்னிவல் திருவிழாவுக்காகவே போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

படி 2: விசா, விமானம், கார்

பலர் இடறும் இடம் விசாதான். குவாதலூப் பிரான்ஸைச் சேர்ந்தது, ஆனால் ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாப் பகுதிக்குள் வராது. இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்குச் சாதாரண ஷெங்கன் விசா மட்டும் போதாது. கடல்கடந்த பிரெஞ்சு மாவட்டங்களுக்கும் செல்லும் என்று விசாவிலேயே குறிப்பிடப்பட்டிருக்க வேண்டும். விண்ணப்பிக்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். பிரான்ஸில் வதிவிட அட்டையோடு வாழ்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. கனடா, பிரிட்டிஷ் பாஸ்போர்ட்டுகளுக்குக் குறுகிய பயணத்துக்கு விசா வேண்டாம்.

பாரிஸிலிருந்து எட்டரை மணி நேரப் பறப்பு. கார் இல்லாமல் இந்தத் தீவைச் சுற்றுவது கடினம். பேருந்துகள் உண்டு, ஆனால் மாலையிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் அவற்றை நம்ப முடியாது. விமான டிக்கெட் எடுக்கும் அன்றே காரையும் பதிவு செய்யுங்கள்; வலப்பக்கம் ஓட்ட வேண்டும். மலைச் சாலைகள் செங்குத்தானவை, எனவே மிகச் சின்ன எஞ்சின் வேண்டாம். புவந்த்-ஆ-பீத்ர் நகரையும் ஜாரி தொழிற்பேட்டையையும் சுற்றிக் காலையிலும் மாலையிலும் கடும் நெரிசல் இருக்கும். இதையும் மனதில் வைத்துத்தான் அடுத்த படி.

படி 3: தங்குமிடத்தை இரண்டாகப் பிரியுங்கள்

ஒரே இடத்தில் ஏழு இரவும் தங்கினால் பாதி விடுமுறை காரிலேயே போய்விடும். முதல் நான்கு இரவு பாஸ்-தேரின் மேற்குக் கரையில், புய்யாந்த் ஊருக்கும் தெஏ ஊருக்கும் இடையில் எங்காவது தங்குங்கள். கடைசி மூன்று இரவு கிராந்த்-தேரில், செந்த்-ஆன் அல்லது செந்த்-பிரான்சுவா. மலையை முதலில் முடித்துவிட்டு மணலுக்கு வருவதுதான் சரியான வரிசை. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. இரண்டும் அடுத்த படியில் வருகின்றன.

படி 4: முதல் விடியலில் சூஃப்ரியேர்

ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்களுக்கு ஐந்தாறு மணி நேர வித்தியாசம். முதல் நாள் அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே தூக்கம் கலைந்துவிடும். புரண்டு படுக்காதீர்கள். எரிமலை ஏற இதைவிட நல்ல நாள் கிடைக்காது.

லா சூஃப்ரியேர் 1,467 மீட்டர் உயரம். சிறிய அண்டிலிஸ் தீவுகளிலேயே உயரமான சிகரம். இன்னும் உயிரோடு இருக்கும் எரிமலை. 1976-ல் அது குமுறியபோது சுமார் 70,000 பேரை வீடுகளிலிருந்து வெளியேற்றினார்கள். இன்றும் உச்சியில் கந்தகப் புகை வருகிறது, விஞ்ஞானிகள் இரவு பகலாகக் கண்காணிக்கிறார்கள். அமிலப் புகை அதிகமுள்ள பகுதிகளுக்கு வேலி போட்டுத் தடை விதித்திருக்கிறார்கள். வேலியைத் தாண்டிப் படம் எடுக்கும் ஆசை யாருக்கும் வேண்டாம். கிளம்புவதற்கு முந்தைய நாள் பாதை திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

செந்த்-குளோத் ஊரைத் தாண்டி, பென் ஜோன் என்ற இடத்தில் காரை நிறுத்தி நடக்க வேண்டும். அங்கேயே உயரம் 950 மீட்டர். முதல் அரை மணி நேரம் காட்டுக்குள் கல் பாவிய பாதை. பாசி படிந்து வழுக்கும். அப்புறம் மரங்கள் மறைந்து, 'முல்லே சவன்னா' என்ற வெட்டவெளி வரும். முன்பு கார்கள் இதுவரை வந்தன. 2004 நிலநடுக்கத்துக்குப் பிறகு நடைதான். இங்கிருந்து 'சீமாட்டிகளின் பாதை' எரிமலையை மேற்குப் பக்கமாகச் சுற்றி ஏறுகிறது. கடைசிப் பகுதியில் கையையும் ஊன்ற வேண்டிவரும். போய்வர மூன்று முதல் நான்கு மணி நேரம். வழக்கமாக நடக்கும் பழக்கமுள்ள எவரும் ஏறலாம், பத்து வயதுப் பிள்ளைகளும்தான்.

கரீபியன் என்று நினைத்துப் பனியனோடு போனால் உச்சியில் நடுங்குவீர்கள். காற்று பலமாக அடிக்கும், எந்த நேரமும் மழை வரலாம். மழைக்கோட்டு, பிடிப்புள்ள காலணி, ஒன்றரை லிட்டர் தண்ணீர், மாற்று உடை அவசியம். காலை ஆறு மணிக்கு நடக்கத் தொடங்கினால், மேகம் மூடுவதற்குள் தெற்கே லே செந்த் தீவுகளையும், நாள் நன்றாக இருந்தால் டொமினிகாவையும் காணலாம். இறங்கி வந்ததும் பென் ஜோனில் வெதுவெதுப்பான ஊற்றுநீர்க் குளம் இருக்கிறது. கால் வலிக்கு இதமாக இருக்கும், ஆனால் தலையை நீருக்குள் முக்காதீர்கள். தீவின் வெந்நீர் ஊற்றுகளில் மூக்கு வழியாக மூளைக்குப் போகும் ஆபத்தான அமீபா வாழ வாய்ப்புண்டு. கழுத்துக்குக் கீழே நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பிள்ளைகள் மேல் கண் இருக்கட்டும்.

மலையை முதலில் வைத்ததற்கு நேர வித்தியாசம் ஒரு காரணம். இன்னொன்று முக்கியமானது: ஆழ்கடல் முழுகல் (ஸ்கூபா டைவிங்) செய்த உடனே உயரமான இடத்துக்கு ஏறக் கூடாது. உடலில் கரைந்திருக்கும் நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழியாகி உயிருக்கே ஆபத்தாகலாம். மலை ஏறிவிட்டு மறுநாள் முழுகலாம். முழுகிவிட்டால் மலைக்கோ விமானத்துக்கோ ஒரு முழு நாள் காத்திருங்கள்.

படி 5: மலாந்தூரில் ஆமைகளோடு

புய்யாந்த் அருகே மலாந்தூர் கடற்கரை கருமணல். பார்த்ததும் மனம் கவரும் இடமில்லை. அதன் அழகெல்லாம் தண்ணீருக்குள். கரையிலிருந்து சில பத்து மீட்டர் நீந்தினாலே கடற்புல் திட்டுகள் தொடங்குகின்றன. அங்கே பேராமைகள் புல் மேய்கின்றன. முகமூடியும் மூச்சுக்குழாயும் போதும், படகு தேவையில்லை. காலை எட்டு மணிக்குள் நீரில் இறங்கிவிடுங்கள்.

ஆமையைப் பார்ப்பதில் ஒரு பொறுமை வேண்டும். துரத்தினால் அது போய்விடும். மேலே மிதந்தபடி அசையாமல் இருங்கள். மேய்ந்துவிட்டு மூச்சு வாங்க அதுவே மேலே வரும். சில சமயம் மிக அருகில் வரும். அப்போதும் தொடக் கூடாது, அதன் வழியை மறிக்கக் கூடாது. மூச்சுவிட மேலே வரும் ஆமையை ஆட்கள் சூழ்ந்துகொண்டால் அது பயந்து மீண்டும் கீழே போய்விடுகிறது. ஒரு புகைப்படத்துக்காக அந்த மூச்சைத் தடுப்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. சன்ஸ்கிரீன் களிம்பைக் கடலில் கரைப்பதற்குப் பதில் முழுக்கை நீச்சல் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். முதுகும் கருகாது, பவளப்பாறைக்கும் நல்லது.

கரையிலிருந்து ஒரு கிலோமீட்டர் தொலைவில் பிஜோன் என்ற இரட்டைக் குட்டித்தீவு. பிரெஞ்சுக் கடல் ஆய்வாளர் ழாக் கூஸ்தோவின் பெயரால் அழைக்கப்படும் இந்தக் கடற்பகுதி இப்போது தேசியப் பூங்காவின் பாதுகாப்பில் இருக்கிறது. மீன் பிடிக்க அனுமதி இல்லாததால் மீன்கள் மனிதரைக் கண்டு ஒதுங்குவதில்லை. இங்கே உங்களுக்கு நான்கு வழிகள்: ஆழ்கடல் முழுகல், படகில் போய் மேற்பரப்பில் நீந்துவது, கயாக் துடுப்புப் படகு, கண்ணாடி அடித்தளப் படகு. முழுகியே பழக்கமில்லை என்றாலும், முதன்முறை முழுகல் ஒன்று இருக்கிறது. பயிற்சியாளர் ஒருவர் உங்களை மட்டும் கூடவே பிடித்துக்கொண்டு அதிகபட்சம் ஆறு மீட்டர் ஆழம் வரை கூட்டிப்போவார். எட்டு வயதிலிருந்து செய்யலாம். நீச்சல் தெரியாத பெரியவர்களுக்குக் கண்ணாடிப் படகு. கயாக்கில் போவதென்றால் காலையிலேயே போங்கள்; பிற்பகல் காற்று எழும்பிவிட்டால் திரும்பி வருவது சிரமம்.

அன்று மாலைக்கு தெஏ ஊரின் கிராந்த் ஆன்ஸ் கடற்கரை. செம்பொன் நிற மணல், நீளமான வளைவு, நேர் எதிரே சூரிய அஸ்தமனம். அலை சில நாட்களில் முரட்டுத்தனமாக இருக்கும். சின்னப் பிள்ளைகளைக் கரையோரமே வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: லே செந்த்துக்குப் படகு

பாஸ்-தேரின் தெற்கில் த்ருவா-ரிவியேர் துறையிலிருந்து இருபது நிமிடப் படகுப் பயணம். குறுகிய பயணம்தான், ஆனால் கால்வாயில் படகு நன்றாகக் குலுங்கும். வாந்தி வரும் வழக்கமுள்ளவர்கள் அரை மணி நேரம் முன்பே மாத்திரை போட்டுக்கொண்டு, பின்பக்கம் வெளியே பார்த்தபடி உட்காருங்கள்.

காலையின் முதல் படகைப் பிடியுங்கள். லே செந்த் கூட்டத்தின் தேர்-த-ஓ தீவில் இறங்கியதும் நேராக நெப்போலியன் கோட்டைக்கு ஏறிவிட வேண்டும்; மதியம் மூடிவிடுவார்கள். 1867-ல் கட்டி முடிக்கப்பட்ட இந்தக் கோட்டை ஒரு போரையும் பார்த்ததில்லை. சுற்றிலும் கள்ளிச் செடிகள், அவற்றுக்கிடையே வெயில் காயும் இகுவானா ஓணான்கள், கீழே முழு வளைகுடா. 1782-ல் பிரிட்டிஷ், பிரெஞ்சுக் கடற்படைகள் மோதியது இந்தத் தீவுகளுக்கு அருகில்தான். கோட்டைக்குள் அந்தப் போரின் மாதிரிகளை வைத்திருக்கிறார்கள்.

இறங்கும்போது 'காதலின் வேதனை' என்ற பெயரில் விற்கும் தேங்காய்ப்பூ வைத்த சின்னக் கேக்கை, சூடாக இருக்கும்போதே வாங்கிச் சாப்பிடுங்கள். மதியத்துக்கு மேல் பெந்த்-சூக்ர் குன்றின் அடியிலுள்ள சின்னக் கடற்கரை. பாறையோரம் மீன்கள் நிறைய. பொம்பியேர் கடற்கரை குழந்தைகளுக்கு ஏற்றது. இதே தீவில் உள்ள கிராந்த் ஆன்ஸ் கடற்கரையில் நீரோட்டம் ஆபத்தானது, குளிக்கத் தடை. பெயர்க் குழப்பத்தில் இறங்கிவிடாதீர்கள்.

படி 7: இடம் மாறும் நாளில் அருவியும் கோயிலும்

மேற்கிலிருந்து கிழக்குக்கு மாறும் நாளில் தெற்கு வழியாகச் சுற்றி வாருங்கள். காலையில் கார்பே அருவிகள். மூன்றில் இரண்டாவதுதான் எளிதானது: 110 மீட்டர் உயரம், வாகன நிறுத்தத்திலிருந்து இருபது நிமிட நடை, சிறு கட்டணம். பாறை சரிவதால் அடிவாரம் வரை போக முடியாது, மேடையிலிருந்து பார்க்கலாம். பெருமழை பெய்தால் மூடிவிடுவார்கள். மலையில் ஓடும் எந்த ஆற்றில் குளித்தாலும், தண்ணீர் திடீரெனக் கலங்கினால் அந்த நொடியே கரையேறுங்கள்; மேலே பெய்த மழை கீழே வெள்ளமாக வந்துகொண்டிருக்கிறது என்று பொருள்.

அருவியிலிருந்து இறங்கினால் கபெஸ்தேர்-பெல்-ஓ. சாலையோரத்தில் கோபுரமும் வண்ணச் சிலைகளுமாக மாரியம்மன் கோயில். சான்ஜி கோயில் என்பார்கள். அடிமை முறை 1848-ல் ஒழிந்த பிறகு, கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேடிய முதலாளிகள் இந்தியாவிலிருந்து ஒப்பந்தக் கூலிகளைக் கொண்டுவந்தார்கள். முதல் கப்பல் 1854 டிசம்பர் 24 அன்று வந்து சேர்ந்தது. 1889 வரை நாற்பதாயிரத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறிய தமிழர்கள் அவர்களில் ஏராளம். இந்த மண்ணில் பிறந்த அவர்களுடைய பிள்ளைகளுக்குக்கூட நீண்ட காலம் ஓட்டுரிமை இல்லை. இதே கபெஸ்தேரைச் சேர்ந்த ஆன்றி சிதம்பரம் அதற்காக 1904 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் போராடினார். மொழி பேச்சிலிருந்து மறைந்துவிட்டது. வழிபாட்டில் தமிழ்ப் பாடல்கள் இன்னும் இருக்கின்றன. உள்ளே போக அனுமதி கேளுங்கள், செருப்பைக் கழற்றுங்கள், பூசை நடந்தால் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். தமிழர் என்று சொன்னால் பேச்சு நீளும். அதற்கு நேரம் ஒதுக்கிவிட்டுப் போங்கள். இந்த வாரத்தில் ஒரு இடத்தை விட்டுவிட வேண்டிவந்தாலும், இதை விடாதீர்கள்.

படி 8: கிராந்த்-தேரில் மணலும் அலையாத்திக் காடும்

செந்த்-ஆன் கடற்கரைகள் பவளத் திட்டின் மறைவில் இருப்பதால் குளம் போல அமைதியானவை. காரவெல் கடற்கரைக்குப் பெயர் அதிகம், கூட்டமும் அதிகம். கிழக்கு முனையான புவந்த் தே ஷாத்தோவில் சிலுவை நிற்கும் குன்றுக்குப் பத்து நிமிடத்தில் ஏறலாம். கீழே கடல் கொந்தளிப்பு, குளிக்கும் இடமல்ல.

ஒரு காலையை வடக்கே உள்ள பெரிய கடற்கழிக்குக் கொடுங்கள். வியூ-பூர் கிராமத்திலிருந்து சின்னப் படகிலோ கயாக்கிலோ அலையாத்திக் காட்டுக்குள் போகலாம். கூழைக்கடாக்கள், ஃபிரிகேட் பறவைகள், நண்டு ஏறும் வேர்கள். பிச்சாவரம் போனவர்களுக்கு மரம் பழக்கமானதாக இருக்கும். இங்கே காடு முடியும் இடத்தில் நீலக் கடலும் பவளத் திட்டும் தொடங்கிவிடுகின்றன. யுனெஸ்கோ 1992-ல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்த பகுதி இது. பெரிய இரைச்சல் படகுகளைத் தவிர்த்து, உள்ளூர்க்காரர் ஒருவர் ஓட்டும் சிறு படகைத் தேடுங்கள்.

படி 9: சாப்பாடு

மதியச் சாப்பாடு பன்னிரண்டு முதல் இரண்டு வரை. அதற்குப் பிறகு அடுப்பை அணைத்துவிடுவார்கள். தெருவோரத்தில் போக்கித்: மாவை எண்ணெயில் பொரித்து, நடுவே பிளந்து, மீனோ கோழியோ முட்டையோ வைத்துத் தருவார்கள். அக்ரா: உப்பிட்ட காட் மீனை மாவில் கலந்து பொரிக்கும் உருண்டை. மல்லி, மஞ்சள், வெந்தயம், கடுகு சேர்ந்த மசாலாவில் ஆட்டுக்கறியோ கோழியோ வேகும் 'கொலொம்போ', நம்மவர்கள் அந்தத் தீவுக்குக் கொடுத்தது; இன்று எல்லா வீட்டுச் சமையலிலும் இருக்கிறது. கடற்கரையில் மரப் பீப்பாயைக் கையால் சுற்றித் தேங்காய்ப்பால் ஐஸ் செய்து விற்கும் பெண்களைத் தாண்டிப் போகாதீர்கள்.

சைவம் சாப்பிடுபவர்கள் உணவகத்தை நம்பாமல், சமையலறை உள்ள வீட்டை எடுங்கள். சந்தையில் சீமைப்பலா, சௌசௌ, பூசணி, வாழைக்காய் எல்லாம் கிடைக்கும்.

படி 10: ஒரு இரவு மேளத்துக்கு

குவோகா என்பது அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மக்களின் வழியில் வளர்ந்த மேளம், பாட்டு, ஆட்டம் மூன்றும் சேர்ந்த கலை. யுனெஸ்கோ 2014-ல் மனிதகுலப் பண்பாட்டு மரபாகப் பட்டியலிட்டது. பூலா மேளங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்ள, மக்கே என்ற மேளம் ஆடுபவரின் காலைப் பார்த்து வாசிக்கும். ஆடுபவர் மேளத்துக்கு ஆடுவதில்லை; மேளம்தான் ஆடுபவரைத் தொடர்கிறது. வட்டத்துக்குள் ஒரு நேரத்தில் ஒருவர்தான் வருவார். வாரக்கடைசி இரவுகளில் 'லேவோஸ்' என்ற பெயரில் இது நடக்கும். மேடையில்லை, பெரும்பாலும் கட்டணமில்லை. தங்கும் வீட்டுக்காரரிடம் கேட்டால் எங்கே என்று சொல்வார். விளிம்பில் நின்று கைதட்டிப் பாட்டுக்குப் பதில் பாடுங்கள். யாராவது அழைத்தால் மட்டும் நடுவே போங்கள்.

கார்னிவல் திருவிழா ஜனவரி தொடக்கத்தில் ஆரம்பித்து, ஞாயிறுதோறும் ஊர்வலமாக வளர்ந்து, சாம்பல் புதன்கிழமை வவல் என்ற உருவத்தை எரிப்பதோடு முடியும். அன்று எல்லோரும் கறுப்பு வெள்ளை உடுத்துவார்கள்.

கவனிக்க வேண்டிய மூன்று

கடற்கரைகளில் மன்சனியே என்ற மரம் உண்டு. பச்சை ஆப்பிள் போன்ற சிறு பழம் கொடிய நஞ்சு. பால் பட்டால் தோல் வெந்துபோகும். மழையில் அதன் கீழ் ஒதுங்கினாலே புண்ணாகும். தண்டில் சிவப்புக் கோடோ பலகையோ இருந்தால் விலகிப் போங்கள்.

2011-லிருந்து சர்காசம் என்ற பழுப்புக் கடற்பாசி சில மாதங்களில் குவிகிறது. அட்லாண்டிக்கைப் பார்த்த கிழக்கு, தெற்குக் கரைகளில்தான் அதிகம். அழுகும்போது வரும் வாயு தலைவலி தரும். அன்று மேற்குக் கரைக்குப் போய்விடுங்கள்.

கொசுக்கடியில் டெங்கு வரலாம். மாலையில் முழுக்கால் உடையும் விரட்டியும் தேவை.

கடைசி நாள்

பாரிஸ் விமானங்கள் பெரும்பாலும் மாலையில்தான் கிளம்புகின்றன. காலை எட்டு மணிக்கு புவந்த்-ஆ-பீத்ர் சந்தையில் கொலொம்போ பொடி, வனிலா, ஜாதிக்காய் வாங்குங்கள். அப்புறம் துறைமுகத்தின் ஓரம், பழைய தார்புசியே சர்க்கரை ஆலை இருந்த இடத்தில் 2015-ல் திறந்த அடிமை முறை நினைவகமான மெமோரியால் ஆக்ட்டுக்கு இரண்டு மணி நேரமாவது கொடுங்கள். ரம் வாங்கியிருந்தால், குறிப்பாக 59 சதவீத ஆல்கஹால் கொண்ட மரி-கலாந்த் ரம் என்றால், துணியில் சுற்றிப் பெரிய பெட்டிக்குள் வையுங்கள், கைப்பையில் விடமாட்டார்கள். காரில் எரிபொருள் நிரப்பிவிட்டு, நான்கு மணி நெரிசல் தொடங்கும் முன் விமான நிலையச் சாலையைப் பிடித்துவிடுங்கள்.